கிளாஸும் முன்கதையும் முட்டிக்கொண்டால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், விளக்கு வைத்த பிறகு பகடை உருளத் தொடங்கிவிடும். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை வளர்க்கும் ஆட்டம். படகில் போகும் தம்பிகள் இருவர், நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, கருவாட்டு வியாபாரி மாமா, பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் என்று ஐந்து பேர் ஆடுவார்கள். கதையை நடத்தும் நடத்துநர் நான். கச்சான் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு சங்கு உண்டு.

இத்தனை தடைக்காலங்களில் விதி தெரியாமல் ஆட்டம் நின்றது குறைவு. நின்றதெல்லாம் பாத்திரத்தின் கிளாஸும் (சண்டைக்காரன், மந்திரக்காரன் போன்ற வகை) முன்கதையும் ஒன்றோடொன்று ஒட்டாத இடத்தில்தான். அந்த இடங்களை அறிகுறிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்டம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எந்தப் புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்கள் என்பது. 1974இல் வந்த முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்: சண்டைக்காரன், மந்திரக்காரன், தெய்வத்தின் பெயரால் வரம் வாங்கும் கிளெரிக். திருடன் அடுத்த ஆண்டு துணைநூலில் வந்து சேர்ந்தான். முன்கதைக்கென்று அதில் விதி கிடையாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கிளாஸ் 12, அதோடு ‘பின்னணி’ என்று 13 தனியாக: மாலுமி, துறவி, அறிஞர், குற்றவாளி, சிப்பாய் என்று போகும். 2024 புத்தகத்தில் பின்னணி 16 ஆயிற்று. அது செய்யும் வேலையும் மாறிவிட்டது. ஒரே மாடியில் இரண்டு புத்தகமும் இருந்தால் பாதிச் சண்டை அதனால்தான் வரும்.

இரண்டாவது, மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ், பாத்திரம் இன்று என்ன செய்ய முடியும் என்பது. முன்கதை, ஆட்டம் தொடங்கும் முன் அதற்கு நடந்தது. பின்னணி இரண்டுக்கும் நடுவில் கட்டிய கயிறு. முன்கதையிலிருந்து இரண்டு திறமையையும் கொஞ்சம் சாமானையும் எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளும் வழி.

நான் சோதித்துப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: காய்ப்பு எங்கே? வலை இழுத்தவன் உள்ளங்கையும் பனையேறியின் நெஞ்சும் தொழிலை வாய்விட்டுச் சொல்லிவிடும். பாத்திரத்துக்கும் அப்படித்தான். கிளாஸ் கொடுக்கும் ஒவ்வொரு திறமைக்கும் முன்கதையில் எங்கோ ஒரு காய்ப்பு தென்பட வேண்டும். திறமை இருந்து காய்ப்பு இல்லை என்றாலும், காய்ப்பு இருந்து திறமை இல்லை என்றாலும் பழுது அங்கே இருக்கிறது.

கதையில் கடலரசன், ஆட்டத்தில் நண்டிடம் அகப்பட்டவன்

புதிதாக வருபவர்களிடம் இது கட்டாயம் இருக்கும். இளைய தம்பி முதல் ஆண்டு எழுதிய முன்கதையில் அவன் பாத்திரம் முப்பது கப்பல்களை மூழ்கடித்த கொள்ளைத் தலைவன். கிளாஸ் ஃபைட்டர் என்ற சண்டைக்காரன், லெவல் ஒன்று, அதாவது முதல் படி. அடி தாங்கும் உயிர்ப்புள்ளி 12. முதல் சண்டை ஒரு ராட்சத நண்டோடு. நண்டுக்கு உயிர்ப்புள்ளி 13; தம்பியைவிட ஒன்று கூடுதல். கொடுக்கால் கவ்விப் பிடித்தது, இரண்டு சுற்றில் கொள்ளைத் தலைவன் மணலில் மல்லாந்தான். மாடியில் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். இரண்டாம் லெவலுக்கு 300 அனுபவப் புள்ளி வேண்டும். ஒரு ராட்சத நண்டுக்கு 25. தனியாளாக அடித்தால் பன்னிரண்டு நண்டு. ஐந்து பேர் பங்கு போட்டால் அறுபது. அறுபது நண்டு அடித்தால்தான் ஒருபடி ஏறும் ஆளுக்கு முப்பது கப்பலை மூழ்கடித்த வரலாறு பொருந்தாது. ஒன்றாம் லெவல் என்பது அப்போதுதான் படகில் சேர்ந்த பையனுடைய இடம்.

சரிசெய்ய மூன்று வழி. முதல் வழி, வரலாற்றைச் சுருக்குவது: முப்பது கப்பல் கொள்ளையடித்த படகில் இவன் சோறாக்கினான். இது எளிது, ஆனால் ஆடுபவர் மனம் வாடும். இரண்டாவது, வரலாற்றை அப்படியே விட்டுவிட்டு உடம்பை உடைப்பது: பெரிய தலைவன்தான், ஆனால் பத்து ஆண்டு சிறையில் கிடந்தான், தோள் இறங்கிப்போயிற்று, வாள் கனக்கிறது. இப்போது ஒவ்வொரு லெவலும் அவன் இழந்ததைத் திரும்பப் பெறுவதாக ஆகிறது. மூன்றாவது எனக்குப் பிடித்தது: அந்த வரலாற்றைப் பொய்யாக்குவது. ஊரெல்லாம் இவனைக் கடலரசன் என்று நம்புகிறது, உண்மையில் அந்தப் பெயர் செத்துப்போன அண்ணனுடையது. தம்பி இதைத்தான் எடுத்துக்கொண்டான். ஐந்தாம் லெவல் வரும்வரை மற்ற நால்வருக்கும் அது தெரியாது.

முதல் லெவலிலேயே வீரனாக இருக்க வேண்டும் என்று ஆடுபவர் அடம்பிடித்தால் ஆட்டத்தை ஐந்தாம் லெவலில் தொடங்கிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கிளாஸின் பெயரே முன்கதையாகிவிடுகிறது

“நான் ரோக். அதனால் அனாதை. அதனால் தெருவில் வளர்ந்தேன். அதனால் திருடினேன்.” கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. பார்பேரியன் என்றால் காட்டுவாசி, விசார்ட் என்றால் வெள்ளைத் தாடி, பாட்டுக்காரன் பார்ட் என்றால் பெண்பித்தன்; இவையும் இதே நோய்தான்.

காரணம் எளிது. கிளாஸின் பெயரை ஒரு தொழிலின் பெயராகப் படித்துவிடுகிறார்கள். ரோக் என்பது புத்தகம் போட்ட தலைப்பு. அந்தத் தலைப்பின் கீழே இருக்கும் வேலைகளை மட்டும் பாருங்கள்: சத்தமில்லாமல் நகர்வது, எதிராளி கவனம் திரும்பும் நொடியில் ஒரே குத்தாகக் குத்துவது, விரல் நுணுக்கம், சில திறமைகளில் மற்றவரைவிட இரட்டிப்புத் தேர்ச்சி. இப்போது தலைப்பைக் கையால் மூடிவிட்டுக் கேளுங்கள்: நம் கரையில் இந்தக் கை யாருடையது?

அக்காவுக்கு உடனே பதில் வந்தது: பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பாறையில் வளரும் பாசியைப் பறிக்க மூச்சடக்கி முங்குகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் பாறை கிழிக்காமல் சுற்றிய துணி, இடுப்பில் பை. நீரோட்டம் எப்போது இழுக்கும், எப்போது விடும் என்று உடம்புக்குத் தெரியும். தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் காவலர் படகு வரும் சத்தத்தையும் காது பிரித்தறியும். அக்கா உருவாக்கிய பாத்திரம் இதுதான். வாழ்நாளில் ஒரு பொத்தானைக்கூடத் திருடியதில்லை. ஆனாலும் ரோக், சல்லடையில் சலித்தாலும் குறை சொல்ல முடியாத ரோக். அவளுடைய குத்துவாள் கூடப் பாசி சுரண்டும் தகரத் தட்டைத் தீட்டியது.

அப்படியானால் ரோக்குக்குப் புத்தகம் கொடுக்கும் திருடர் மொழி என்னாவது என்று பாலிடெக்னிக் பையன் கேட்டான். நல்ல கேள்வி. நன்னூல் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி நினைவிருக்கும்: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். ஒரு கூட்டத்துக்குள் மட்டும் வழங்கும் சொல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் அந்த வகைதான். பாசி எடுப்பவர்களுக்கு நீருக்கடியில் கைச்சாடை. விதி அப்படியே நின்றது, திருடன் மட்டும் காணாமல் போனான்.

இதையே திருப்பியும் செய்யலாம். திருடன் பாத்திரம்தான் வேண்டும் என்றால் அதற்கு ரோக் கட்டாயமில்லை. கோயில் உண்டியலில் கைவைத்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் கிளெரிக் ஆனவன், குற்றவாளிப் பின்னணியோடு எவ்வளவோ சுவையாக இருப்பான்.

“இந்த வித்தை உனக்கு எப்படி வந்தது?” என்று கேட்டால் ஆடுபவர் முழிக்கிறார்

மந்திரக் கிளாஸ்களில் மட்டும் வரும் பழுது. இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் முன்கதைக்கு அதிகம் தீனி போடுவதும் இந்தக் கிளாஸ்கள்தான்.

விசார்ட், சார்சரர், வார்லாக், கிளெரிக் நால்வரும் தீப்பந்தோ ஒளியோ ஏதோ ஒன்றை ஏவுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நால்வருமே மந்திரவாதி. வேறுபாடு, அந்தச் சக்திக்கு யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. விசார்ட் படித்து வாங்கியவன். ஒன்றாம் லெவலில் அவன் ஏட்டில் ஆறு மந்திரம் இருக்கும், ஏடு தொலைந்தால் தொலைந்ததுதான். சார்சரருக்குப் பிறப்பிலேயே வந்தது, யாருக்கும் கடனில்லை, ஆனால் அடக்கவும் தெரியாது. கிளெரிக் ஒரு தெய்வத்துக்கு ஆட்பட்டவன். வார்லாக் ஒப்பந்தம் போட்டவன். எதிரே கையெழுத்திட்டது என்ன உயிர் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது.

நம் கடலில் இதற்கு ஒரே உதாரணம் போதும். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது, குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரத்தால் கட்டும் ஆட்களைப் பற்றிச் சொல்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. கட்டு பகலுக்கு மட்டுந்தான். இரவானதும் அவிழ்த்துவிடுவார்கள், யாரும் இருட்டில் வந்து களவாக முத்தெடுத்துவிடக் கூடாது என்று. பிரிட்டிஷ் காலத்திலும் முத்துக்குளிப்பின்போது கரையில் இருந்து சுறாவின் வாயைக் கட்டியவர்களைக் கடல்கட்டி என்று சொன்னார்கள். பரம்பரையாக வந்த வேலை.

கருவாட்டு மாமா கடல்கட்டியாக ஆட வேண்டும் என்றார். சரி, எந்தக் கிளாஸ்? அன்று மாலை முழுக்க ஆட்டமே நடக்கவில்லை, இதைப் பேசியே இருட்டிவிட்டது.

மந்திரம் ஓலையில் இருந்து, பாட்டனிடம் அடி வாங்கிப் படித்தது என்றால் விசார்ட். அப்படியானால் மழையில் ஓலை நனைவது அவருக்கு மரண பயம். அந்தப் பயத்தை வைத்து நான் மூன்று காட்சி நடத்தலாம். ஆறு வயதில் கரையில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது சுறா ஒன்று பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது, யாரும் எதையும் கற்றுத் தரவில்லை என்றால் சார்சரர். கரைக்கோயில் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, அந்த விரதம் முறிந்தால் கட்டும் முறியும் என்றால் கிளெரிக். மாமா மூன்றையும் கேட்டுவிட்டுப் பீடியை அணைத்தார். “இருபதில் ஒரு பங்கை மேலே இருக்கிற மனிதனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? கீழே இருக்கிற சுறாவுக்கே கொடுத்துவிட்டால்?” என்றார்.

வார்லாக். மாடியில் ஒருவரும் பேசவில்லை. கிடைக்கும் செல்வத்தில் இருபதில் ஒரு பங்கை அவர் பாத்திரம் கடலில் வீச வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டோம். இன்றுவரை வீசிக்கொண்டிருக்கிறார். ஒருமுறை மறந்துவிட்டார், அன்றைக்கு நடந்ததை இங்கே எழுத இடமில்லை.

பதிப்பு வேறுபாடு இந்த இடத்தில் கடிக்கும். 2014 புத்தகத்தில் கிளெரிக், சார்சரர், வார்லாக் மூவரும் தங்கள் உட்பிரிவை ஒன்றாம் லெவலிலேயே எடுத்தாக வேண்டும், அதாவது சக்தியின் மூலம் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். 2024 புத்தகத்தில் எல்லாக் கிளாஸுக்கும் உட்பிரிவு மூன்றாம் லெவலில். அதற்காக முன்கதையையும் மூன்றாம் லெவல்வரை ஒத்திப்போடாதீர்கள். கடலுக்கடியில் ஏதோ இருக்கிறது என்று முதலிலேயே தெரியட்டும்; அதன் பெயர் மெல்லத் தெரியட்டும்.

இன்னொரு குழப்பம்: கோயிற்பணியாளர் என்ற பின்னணியை எடுத்தவர் கிளெரிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது. 2014 புத்தகமே அதை மறுக்கிறது. சடங்கு செய்வதும் தெய்வசக்தியைச் செலுத்துவதும் வேறு வேறு என்கிறது. நமக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. மணி அடிப்பவருக்கெல்லாம் சாமி வந்துவிடாது; சாமியாடி பெரும்பாலும் கூட்டத்தில் பின்னால் நிற்கும் யாரோ ஒருவராக இருப்பார்.

ஐந்து பேரில் நான்கு பேர் மாலுமி

கடற்கரையில் ஆட்டம் நடத்தினால் இது வந்தே தீரும். மாலுமிப் பின்னணி 2014 புத்தகத்தில் உடல்வலிமைத் திறமையும் கூர்ந்து கவனிக்கும் திறமையும் தரும். நான்கு பேருக்கும் அதே இரண்டு. கடலில் இருக்கும்வரை ராஜ வாழ்க்கை. துறைமுகத்தில் இறங்கி ஒரு பத்திரத்தைப் படிக்க வேண்டும், ஒரு காயத்துக்கு மருந்து போட வேண்டும் என்றதும் நான்கு மாலுமிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரையில் கடலை வைத்துப் பிழைப்பவர்களில் கடலுக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னேன். படகு கட்டும் ஆசாரி. ஐஸ் உடைப்பவர். ஏலம் கூறுபவர். வலை பொத்துபவர். கருவாடு காயவைக்கும் பெண்கள். எஞ்சின் மெக்கானிக். கலங்கரை விளக்கத்தில் இருப்பவர். சாயல்குடிப் பக்கம் போனால் பனையேறி. பத்து நிமிடத்தில் தாள் நிறைந்துவிட்டது.

மூத்த தம்பி மட்டும் மாலுமியாக நின்றான், உண்மையிலேயே அதுதான் அவன் என்பதால். பாலிடெக்னிக் பையனின் மங்க், மடத்தில் வளர்ந்த துறவி வேஷத்தைக் கழற்றிவிட்டுப் பனையேறியானான். கவசமில்லாமல் சண்டையிடுவது, சுவரில் ஓடுவது, விழுந்தால் அடிபடாமல் இறங்குவது எல்லாம் மங்க் கிளாஸ் லெவல் ஏற ஏறக் கொடுப்பவை. நெஞ்சிலும் பாதத்திலும் காய்ப்பு ஏறிய ஆளுக்கு அதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா? ஏலக்காரர் பாத்திரத்துக்குப் புத்தகத்தில் நேரான பின்னணி இல்லை. ஏமாற்றுக்காரர் பின்னணியைக் காட்டினேன், மாமா முகம் சுளித்தார். அப்படியானால் விதியில் இருக்கும் வாசலைத் திறந்துகொள்ளுங்கள்: 2014 புத்தகம் பின்னணியைத் தைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. எந்த இரண்டு திறமையையும் எடுத்துக்கொண்டு பெயரை நீங்களே வைக்கலாம். ஆள்மனம் அறிவது, பேச்சால் வசப்படுத்துவது. ஏலக்காரர் தயார்.

2024 புத்தகத்தில் ஆடுபவர்களுக்கு இதே இடத்தில் வேறொரு வலி. அதில் வலிமை, அறிவு போன்ற அடிப்படை மதிப்புகளை ஏற்றுவதே பின்னணிதான். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பு குறித்திருக்கும். மாலுமிக்கு வலிமை, சுறுசுறுப்பு, விவேகம். விசார்ட் நம்பியிருக்கும் அறிவு அதில் இல்லை. ஆகவே மாலுமியாக இருந்து விசார்ட் ஆனவன் கணக்கில் தோற்கிறான், ஆடுபவர் நல்ல முன்கதையைக் கிழித்துப்போட்டு அறிஞர் பின்னணிக்கு ஓடுகிறார். எனக்கு இதில் புத்தகத்தோடு ஒப்புதல் இல்லை. நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் வைத்து இரவில் வழி கண்டவனுக்கு அறிவு ஏறாதாம். அந்தப் பதிப்பின் நடத்துநர் நூலிலும் புதிய பின்னணி உருவாக்க வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி மதிப்பை மாற்றிக்கொடுங்கள், கதையைக் காப்பாற்றுங்கள்.

எல்லார் வீட்டிலும் சாவு

நடத்துநர் குடும்பத்தை வைத்து மிரட்டுவார் என்ற பயத்தில் முன்கூட்டியே குடும்பத்தைக் கொன்றுவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். எங்கள் பக்கம் அதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: புயல். ஊரோடு போய்விட்டது, நான் மட்டும் தப்பினேன். கிளாஸ் சார்சரர் என்றால் புயலிலிருந்தே சக்தியும் வந்துவிடும். ஒரே வரியில் கிளாஸ், முன்கதை இரண்டும் முடிந்தது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. பாலிடெக்னிக் பையன் இப்படியொரு முன்கதையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காற்றுக்கு உட்கார்ந்திருந்த என் அப்பத்தா, “யாருமே மிஞ்சவில்லை என்றால், இவனுக்கு மறுநாள் சோறு போட்டது யார்?” என்று கேட்டது. புயலின்போது அதற்குப் பத்து வயது. பையன் பதில் சொல்ல முடியாமல் தாளைப் பார்த்தான்.

அந்தக் கேள்வியை அன்றிலிருந்து பழுது நீக்கும் கருவியாக வைத்திருக்கிறேன். குடும்பம் செத்த முன்கதை வந்தால் தடுக்காதீர்கள். சோறு போட்டவரைக் கேளுங்கள். பையன் யோசித்து, மண்டபம் முகாமில் கஞ்சி ஊற்றிய ஒரு கிழவர், அவருக்கு ஒரு கண் இல்லை, அவர்தான் வானம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதினான். கிளாஸுக்கு ஒரு குரு கிடைத்தார், எனக்கு உயிரோடு ஒரு பாத்திரம் கிடைத்தது. பிறகு அந்தக் கிழவரை நான் மிரட்டினேன், ஒளித்து வைத்தேன். ஆனால் கொல்லவில்லை.

எட்டுப் பக்க முன்கதை, ஆட்டத்தில் எட்டு வரிகூட வரவில்லை

நடத்துநர் படித்திருக்க மாட்டார். நானும் படித்ததில்லை. மூன்று வரி போதும்: உயிரோடு இருக்கும் ஒருவர், தீராத ஒரு கடன், திரும்பிப் போக முடியாத ஓர் இடம். மீதியை வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது சொல்லுங்கள்.

கடைசியாக வந்தவர் தலையில் கிளெரிக்கைக் கட்டிவிட்டார்கள்

‘மருந்து போட ஆள் வேண்டும்’ என்று யாரையாவது வற்புறுத்தினால் அவர் எழுதும் முன்கதையில் வெறுப்புத்தான் இருக்கும். தெய்வத்தைத் திட்டியபடியே வரும். வற்புறுத்தாதீர்கள். பார்ட், ட்ரூயிட், பாலடின் என்ற மற்றக் கிளாஸ்காரர்கள் எல்லாருக்கும் காயம் ஆற்றத் தெரியும். யாருமே இல்லையென்றாலும் மருந்துப்பை இருக்கிறது, பத்துத் தடவை பயன்படும், சாகக் கிடப்பவரை நிலைப்படுத்தும். குணமாக்கும் கஷாயம் ஐம்பது பொற்காசு. எங்கள் மேசையில் உண்மையான நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவர் ரோக். “வேலை நேரத்தில் செய்வதை இங்கேயும் செய்ய மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

நேற்றுவரை வாள், இன்று காலையில் மந்திரம்

லெவல் ஏறும்போது வேறொரு கிளாஸைச் சேர்த்துக்கொள்வது. விதி கேட்பது இரண்டு கிளாஸுக்கும் உரிய மதிப்பு 13 இருக்கிறதா என்பதை மட்டும். நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: இதற்கு முன் ஆடிய ஏதாவது ஒரு காட்சியில் இதன் வித்து விழுந்திருக்கிறதா? இளைய தம்பி தன் ஃபைட்டருக்கு விசார்ட் சேர்க்க வந்தபோது பழைய குறிப்பைப் புரட்டினோம். கொள்ளையடித்த ஒரு ஏட்டை அவன் பாத்திரம் படிக்கத் தெரியாமலே இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தது. விற்கவும் மறுத்திருக்கிறான். கேள்வி முடிந்தது. அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றால் இடையில் ஒரு தடைக்காலம் விடுங்கள்: கதையில் இரண்டு மாதம் கரையில் சும்மா இருக்கட்டும், யாரிடமாவது கற்றுக்கொள்ளட்டும்.

எதைச் செய்தும் பொருந்தவில்லை

அப்போது பழுது உங்களிடம் இல்லை. ஆட்டம் வேறாக இருக்க வேண்டும். 1977இல் வந்த டிராவலரில் முன்கதையைப் பகடைதான் எழுதும்: நான்கு நான்கு ஆண்டாக வேலையில் சேர்ந்து, திறமை சேர்த்து, முதல் பதிப்பில் ஆட்டம் தொடங்கும் முன்பே செத்தும் போகலாம். 1981இன் கால் ஆஃப் கதுலுவில் கிளாஸ் கிடையாது, தொழில்தான், தொழிலிலிருந்து திறமை. 2013இன் தேர்ட்டீன்த் ஏஜில் கிளாஸ் உண்டு, ஆனால் திறமைப் பட்டியலுக்குப் பதில் நீங்களே எழுதிய பின்னணிகளுக்குப் புள்ளி பிரித்துக்கொடுப்பீர்கள். ‘பாம்பன் கால்வாயில் கப்பலுக்கு வழிகாட்டியவன்’ என்று எழுதி ஐந்து புள்ளி போட்டால், நீரோட்டம் சம்பந்தப்பட்ட எதற்கும் அந்த ஐந்து சேரும். முன்கதையே பெரிது என்று நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

ஜூன் 15 விடிந்ததும் பாதிப்பேர் காணவில்லை

இது புத்தகத்தில் இல்லாத பழுது. தடைக்காலம் முடிந்தால் தம்பிகள் இருவரும் கடலில். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் என்ற முறை இருப்பதால் எந்த இரவில் வருவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நடுக்காட்டில் சண்டை நடக்கும்போது ஒரு பாத்திரம் ஏன் திடீரென்று இல்லை?

பாத்திரம் உருவாக்கும்போதே முன்கதையில் ஒரு ‘போய்வரும் வாசல்’ வைத்துவிடுங்கள். மூத்த தம்பியின் மாலுமிக்குப் புத்தகமே கொடுத்திருக்கிறது: தெரிந்த கப்பலில் இலவசமாகப் பயணம் செய்யும் உரிமை. ஆள் வராத நாளில் அவன் ஏதோ ஒரு கப்பலில் ஏறிவிட்டான், அவ்வளவுதான். இளைய தம்பியின் பாத்திரத்துக்கு அண்ணன் பெயரைச் சொல்லி ஏமாற்றிய கடன்காரர்கள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு. ஆள் வராத நாளில் ஒளிந்துகொண்டிருக்கிறான். வந்ததும் எங்கே ஒளிந்தான் என்று ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அன்று கடலில் நடந்ததைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொல்வான். அனுபவப் புள்ளியை மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலவே கொடுத்துவிடுகிறேன். தாள் சங்குக்கடியிலேயே இருக்கும்.